படித்த வருடங்களைக் கணக்கிடுவது எப்படி?

திறன்சார் குடிவரவுக்கு விண்ணப்பிக்க எண்ணும் குடும்பங்களுக்கான பாடம்

"நீங்கள் மொத்தம் எத்தனை வருடம் படித்திருக்கிறீர்கள்?" குடிவரவு விண்ணப்பங்களில் வரும் முதற் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பார்வைக்கு இலகுவான கேள்வி. ஆனால் கடுகண்ணாவை, பிலிமத்தலாவை, பேராதனைப் பகுதிகளிலிருந்து விண்ணப்பிக்கும் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒருவர் உயர்தரப் பரீட்சையை மூன்று முறை எழுதிய காலம் முழுவதையும் கல்வி வருடங்களாகச் சேர்த்து எழுதுகிறார். இன்னொருவர், "வேலை செய்துகொண்டே படித்ததுதானே" என்று தன் வெளிவாரிப் பட்டத்தை விட்டுவிடுகிறார். முதலாமவரின் விண்ணப்பத்தில் சந்தேகம் எழுகிறது. இரண்டாமவர் தனக்கு உரிய புள்ளிகளை இழக்கிறார்.

இந்தப் பாடத்தில் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றுதான்: முடித்துப் பெற்ற சான்றிதழும், அந்தக் கற்கைநெறிக்கு விதிக்கப்பட்ட காலமுமே எண்ணப்படும். நீங்கள் எத்தனை வருடம் புத்தகமும் கையுமாக இருந்தீர்கள் என்பது எண்ணப்படுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கணக்கை வீட்டு மேசையில் இருந்தே நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

1. முதலில் எந்த வழி என்று பாருங்கள்

மீள்குடியமர்வு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லா வழிகளையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது வழக்கம். அகதிகள் மீள்குடியமர்வில் ஒருவருக்குத் தேவையான பாதுகாப்பே முதலில் பார்க்கப்படும். அங்கே கல்விக்குப் புள்ளி போடுவதில்லை. சொந்த நாட்டை விட்டு வெளியேறி வேறொரு நாட்டில் அகதியாக இருப்பவர்களுக்கே பெரும்பாலும் அந்த வழி உரியது.

திறன்சார் குடிவரவு வேறு. வயது, மொழித் தேர்ச்சி, வேலை அனுபவம், கல்வி ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்து ஆட்களைத் தெரிவு செய்யும் முறை அது. கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் இவ்வாறான முறைகளை நடத்துகின்றன. இந்தப் பாடம் இரண்டாவது வழியைப் பற்றியது. எமது பகுதியினர் அதிகம் விசாரிக்கும் கனடாவை முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

2. "பதினேழு வருடம் வேண்டும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

கனடாவுக்குப் போக 17 வருடப் படிப்பு வேண்டும் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். இது கற்பனையல்ல, பழைய விதி. 2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கனடிய குடிவரவு ஒழுங்குவிதிகளில் கல்விக்கு இரண்டு நிபந்தனைகள் சேர்த்து வைக்கப்பட்டன. ஒன்று சான்றிதழ். மற்றது முழுநேரக் கல்வியின் மொத்த வருடங்கள்.

முதுமாணி அல்லது கலாநிதிப் பட்டத்துடன் 17 வருடக் கல்வி இருந்தால் 25 புள்ளி. இரண்டு இளமாணிப் பட்டங்களுடன் 15 வருடம், அல்லது மூன்று வருட டிப்ளோமாவுடன் 15 வருடம் இருந்தால் 22 புள்ளி. இரண்டு வருடமோ அதற்கு மேலோ கொண்ட ஒரு பட்டத்துடன் 14 வருடம் இருந்தால் 20 புள்ளி. பாடசாலைக் கல்வியை முடித்த சான்றிதழ் மட்டும் இருந்தால் 5 புள்ளி.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வருடமும் கணக்கில் விழுந்தது. இலங்கையில் 13 வருடப் பாடசாலை, 3 வருடப் பொதுப் பட்டம், 1 வருட முதுமாணி என்றால் சரியாக 17. பாடசாலைக் கல்வி 12 வருடமாக உள்ள நாட்டில் அதே மூன்று வருடப் பட்டமும் ஒரு வருட முதுமாணியும் பெற்றவருக்கு 16 மட்டுமே. அதனால்தான் "ஒரு வருடம் குறைகிறது" என்ற கவலையும், குறைந்த வருடத்தை எப்படியாவது நிரப்பித் தருகிறோம் என்ற தரகர்களின் பேச்சும் பரவின.

2013 மே 4ஆம் திகதி இந்த முறை மாறியது. அன்றிலிருந்து மொத்த வருடங்களை எண்ணிப் புள்ளி கொடுப்பதில்லை. வெளிநாட்டுச் சான்றிதழ் எந்தக் கனடியச் சான்றிதழுக்குச் சமமானது என்பதை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆகவே 17 வருடக் கதையைச் சொல்லி இன்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால், அவர் பத்து வருடத்துக்கு மேல் பழைய விதியைச் சொல்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

3. இன்று எப்படி மதிப்பிடுகிறார்கள்?

இப்போது தேவைப்படுவது கல்விச் சான்றிதழ் மதிப்பீட்டு அறிக்கை. வேர்ல்ட் எடியுகேஷன் சேர்விசஸ், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஒப்பீட்டுக் கல்விச் சேவை, அல்பேர்ட்டா மாகாணத்தின் தகைமை மதிப்பீட்டுச் சேவை போன்ற சில நிறுவனங்களுக்கு மட்டுமே கனடிய அரசு இந்த அதிகாரத்தைக் கொடுத்துள்ளது. வைத்தியர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் அந்தந்தத் தொழிலுக்கான தனிச் சபைகள் உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் அறிக்கை ஐந்து வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

கனடாவின் சமஷ்டித் திறன்சார் தொழிலாளர் திட்டத்தில் மொத்தப் புள்ளி 100. அதில் மொழிக்கு 28, கல்விக்கு 25, வேலை அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு 10, இசைந்து வாழும் தன்மைக்கு 10. தகுதி பெற 67 வேண்டும். கல்விக்கான 25 புள்ளி இப்படிப் பிரிகிறது:

பாடசாலைக் கல்வி முடித்த சான்றிதழ்: 5
ஒரு வருட டிப்ளோமா அல்லது சான்றிதழ்: 15
இரண்டு வருடக் கற்கைநெறி: 19
இளமாணிப் பட்டம், அல்லது மூன்று வருடமோ அதற்கு மேலோ கொண்ட கற்கைநெறி: 21
இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சான்றிதழ்கள், அவற்றில் ஒன்றாவது மூன்று வருடம்: 22
முதுமாணி, அல்லது மருத்துவம் போன்ற தொழில்சார் பட்டம்: 23
கலாநிதிப் பட்டம்: 25

இவை எல்லாம் கனடியக் கல்விக்குச் சமமாக மதிப்பிடப்பட்ட அளவுகள். உங்கள் சான்றிதழில் எழுதியிருப்பதற்கு அல்ல, மதிப்பீட்டு அறிக்கையில் வருவதற்கே புள்ளி.

67 புள்ளி வாசலைத் திறக்கும். உள்ளே போனபின் 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேறொரு தரவரிசைப் புள்ளி உண்டு. துணைவர் இன்றித் தனியாக விண்ணப்பிப்பவருக்கு அங்கே இளமாணிக்கு 120, மேலே சொன்ன இரண்டு சான்றிதழ் நிலைக்கு 128, முதுமாணிக்கு 135. இந்த இரண்டு கணக்குகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

4. எண்ணும்போது பின்பற்ற வேண்டிய ஆறு விதிகள்

புள்ளி சான்றிதழுக்குத்தான் என்றாலும் வருடக் கணக்கு இன்னும் தேவை. விண்ணப்பப் படிவம் அதைக் கேட்கிறது. ஒரு கற்கைநெறி ஒரு வருடமா, இரண்டு வருடமா, மூன்று வருடமா என்பதைப் பொறுத்தே சமநிலையும் தீர்மானிக்கப்படுகிறது.

முதலாம் விதி: பாடசாலையில் சித்தியடைந்த தரத்தை எண்ணுங்கள். தரம் 1 முதல் 11 வரை படித்துச் சாதாரண தரம் முடித்தால் 11. தரம் 13 வரை படித்து உயர்தரம் முடித்தால் 13. முன்பள்ளி சேராது. ஒரே தரத்தில் இரண்டு வருடம் இருந்திருந்தாலும் அது ஒன்றுதான். உயர்தரத்தை இரண்டாம், மூன்றாம் முறை எழுதினாலும் 13 பதினான்காகாது. கண்டியில் வருடக்கணக்காகப் போன டியூசன் வகுப்புகளும் இதில் வராது. தோட்டப் பாடசாலையில் ஒரு தரம் வரையும் பின் நகரப் பாடசாலையிலும் படித்தவர் இரண்டையும் தொடராக எழுத வேண்டும்.

இரண்டாம் விதி: கற்கைநெறியின் விதிக்கப்பட்ட காலத்தை எழுதுங்கள். வெட்டுப்புள்ளி வரும் வரை காத்திருந்த காலமும், பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த மாதங்களும் கல்வி வருடங்கள் அல்ல. நான்கு வருட விசேட பட்டத்தை முடிக்க ஆறு வருடம் சென்றாலும் கணக்கில் நான்கு. சேர்ந்த திகதியையும் முடித்த திகதியையும் உள்ளபடியே எழுதுங்கள். காலம் ஏன் நீண்டது என்பதற்குப் பல்கலைக்கழகத்தின் கடிதம் இருந்தால் நல்லது.

மூன்றாம் விதி: பகுதிநேரப் படிப்பை முழுநேர அளவுக்கு மாற்றுங்கள். பழைய கனடிய விதியில் வாரத்துக்குக் குறைந்தது 15 மணிநேரக் கற்பித்தல் இருந்தால் முழுநேரம் எனப்பட்டது. எமது நாட்டில் இதற்கு உதவும் அளவுகோல் இலங்கைத் தகைமைகள் சட்டகம். அதில் ஒரு திறமைப் புள்ளி என்பது 50 மணிநேரக் கற்றல். 30 திறமைப் புள்ளி, அதாவது 1500 மணிநேரம், ஒரு முழுநேரக் கல்வி வருடம். சனி, ஞாயிறு வகுப்புகளில் ஒன்றரை வருடம் செலவிட்டு 30 திறமைப் புள்ளி பெற்ற டிப்ளோமா ஒரு வருடக் கல்வி. ஆறு மாதக் கணினிச் சான்றிதழ் இந்த அளவை எட்டாது.

நான்காம் விதி: வெளிவாரிப் பட்டத்தை விட்டுவிடாதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டமோ, பொல்கொல்லையில் பிராந்திய நிலையம் கொண்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டமோ பட்டம்தான். வேலை செய்துகொண்டு படித்ததால் அதன் பெறுமதி குறைவதில்லை. மதிப்பீட்டு நிறுவனம் பார்ப்பது யார் வழங்கினார்கள், எந்த மட்டம், எத்தனை திறமைப் புள்ளி என்பவற்றையே.

ஐந்தாம் விதி: ஒரே காலத்தை இருமுறை எண்ண வேண்டாம். உயர்தரம் படித்த அதே இரண்டு வருடத்தில் கணக்கியல் கற்கைநெறி ஒன்றையும் முடித்திருந்தால், வருடக் கணக்கில் இரண்டையும் கூட்டி நான்கு ஆக்கக் கூடாது. ஆனால் இரண்டு சான்றிதழையும் தனித்தனியாகக் காட்டலாம்.

ஆறாம் விதி: வழங்கிய நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அரச பல்கலைக்கழகங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. அரச சார்பற்ற நிறுவனம் பட்டம் வழங்குவதாயின் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். தொழிற்கல்வி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்க வேண்டும். இலங்கையில் இருந்தபடியே பிரித்தானிய, மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தைப் படித்தவர்களுக்கு அது அந்த நாட்டுப் பட்டமாகவே மதிப்பிடப்படும். டிப்ளோமாவுக்குப் பின் ஒரே வருடத்தில் பட்டம் பெற்றவர்கள் அந்த முந்தைய டிப்ளோமாவின் ஆவணங்களையும் வைத்திருங்கள். இல்லையேல் ஒரு வருடப் படிப்பு மட்டுமே கண்ணில் படும்.

5. நான்கு உதாரணங்கள்

முதல் உதாரணம். ஒருவர் உயர்தரத்தை மூன்றாம் முறை எழுதி, காத்திருந்து, பேராதனையில் நான்கு வருட விசேட பட்டம் பெற்றார். முடிக்கும்போது வயது 28. தரம் 1இலிருந்து எண்ணினால் நாட்காட்டியில் 22, 23 வருடம் ஓடியிருக்கும். கல்விக் கணக்கு 13 + 4 = 17. மதிப்பீட்டில் இளமாணி என்று வந்தால் 21 புள்ளி. இதே இடத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் பெற்றவரின் கணக்கு 13 + 3 = 16. அவருடைய அறிக்கையிலும் இளமாணி அல்லது மூன்று வருடக் கற்கைநெறி என்று வந்தால் அதே 21தான். பொதுப் பட்டம் என்பதற்காக மனம் தளர வேண்டாம்.

இரண்டாம் உதாரணம். ஓர் ஆசிரியை உயர்தரத்துக்குப் பின் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடக் கற்பித்தல் டிப்ளோமா முடித்தார். கடைசி வருடம் பாடசாலை ஒன்றில் உள்ளகப் பயிற்சி. பின்னர் கற்பித்துக்கொண்டே ஐந்து வருடத்தில் மூன்று வருட வெளிவாரிக் கலைமாணிப் பட்டம் பெற்றார். பலர் இப்படியான நிலையில் பட்டத்தை மட்டும் மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். உயர்ந்த சான்றிதழ் ஒன்றே போதும் என்று விதி சொல்வதும் உண்மை. ஆனால் இரண்டு சான்றிதழுக்கான புள்ளியைக் கேட்பவர் இரண்டையும் மதிப்பிடுவிக்க வேண்டும். இரண்டும் ஏற்கப்பட்டால் 21 என்பது 22 ஆகும். தரவரிசையில் 120 என்பது 128 ஆகும். அதோடு முடியவில்லை. ஆங்கிலத் தேர்ச்சி கனடிய அளவுகோலில் 9ஆம் நிலையை எட்டினால், ஒரு பட்டத்துக்குக் கிடைக்கும் 25 மேலதிகப் புள்ளி இரண்டு சான்றிதழுக்கு 50 ஆகும். அலுமாரியில் கிடக்கும் ஒரு டிப்ளோமாவுக்கு 33 தரவரிசைப் புள்ளி வரை பெறுமதி இருக்கக்கூடும்.

மூன்றாம் உதாரணம். ஒருவர் சாதாரண தரத்துடன் பாடசாலையை விட்டு, மின்னிணைப்பு வேலையில் தேசிய தொழிற் தகைமை 4ஆம் மட்டம் பெற்றார். பாடசாலைக் கணக்கு 11. அது முழு இடைநிலைக் கல்விக்குச் சமமா என்பதை மதிப்பீட்டு நிறுவனமே தீர்மானிக்கும். ஆனால் கனடாவின் சமஷ்டித் திறன்சார் கைத்தொழில் திட்டத்துக்குக் கல்வித் தகைமை கட்டாயமில்லை. அங்கே அனுபவம், மொழி, வேலைவாய்ப்புக் கடிதம் அல்லது கனடியத் தொழிற் சான்றிதழ் ஆகியவையே கேட்கப்படும். இவருக்குப் பொருந்தாத திட்டத்தில் புள்ளி தேடி அலைவதைவிட இந்த வழியைப் பார்ப்பது நல்லது. 

நான்காம் உதாரணம். குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குச் சென்று அங்கே பிளஸ் டூ முடித்து, மூன்று வருட பி.கொம். பட்டத்தோடு கண்டிக்குத் திரும்பியவர். கணக்கு 12 + 3 = 15. இலங்கையில் படித்த தம்பிக்கு 16 என்பதால் அண்ணனின் பட்டம் தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு நாட்டுக் கல்வியும் அந்த நாட்டு முறைப்படியே ஒப்பிடப்படும். இவர் கவனிக்க வேண்டியது வேறு: தற்காலிகப் பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது; பட்டமளிப்புச் சான்றிதழும் எல்லாப் பருவத்துக்குமான மதிப்பெண் பட்டியலும் வேண்டும்.

6. இன்னும் ஒரு பட்டம் படித்துவிட்டு விண்ணப்பிக்கலாமா?

தனியாக விண்ணப்பிக்கும் 31 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தரவரிசையில் அவருடைய வயதுக்கு 99 புள்ளி. இரண்டு வருடம் முதுமாணி படித்து 33 வயதில் வந்தால் வயதுக்கு 88. இழப்பு 11. முதுமாணியால் 120 என்பது 135 ஆகும். ஈட்டியது 15. மிச்சம் 4 மட்டுமே. மொழித் தேர்ச்சி உயர்வாக இருந்தால், ஆசிரியையின் உதாரணத்தில் சொன்ன மேலதிகப் புள்ளியும் சேரும். அப்போது படிப்பு பயன் தரும். மொழித் தேர்ச்சி தாழ்வாக இருந்தால் இரண்டு வருடமும் கட்டிய பணமும் சில புள்ளிகளுக்காகவே போய்விடும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் கையிலுள்ள சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். அடுத்து ஆங்கிலப் பரீட்சையில் கவனம் வையுங்கள். அதன் பின்னரே புதிய பட்டத்தைப் பற்றி யோசியுங்கள்.

திருமணமானவர்கள் இருவரின் கணக்கையும் தனித்தனியே போட வேண்டும். குடும்பத் தலைவர் என்பதற்காகக் கணவரின் பெயரிலேயே விண்ணப்பம் போக வேண்டும் என்று விதி இல்லை. மனைவியின் கல்வி, வயது, ஆங்கிலம் மேலாக இருந்தால் அவரை முதன்மை விண்ணப்பதாரராக்கலாம். துணைவராக வருபவரின் கல்விக்கும் தரவரிசையில் 10 புள்ளி வரை உண்டு.

7. அவுஸ்திரேலியாவில் எப்படி?

அவுஸ்திரேலியாவும் வருடங்களைக் கூட்டுவதில்லை. உயர்ந்த தகைமை ஒன்றுக்கே புள்ளி. கலாநிதிப் பட்டத்துக்கு 20, இளமாணிக்கு 15, டிப்ளோமா அல்லது கைத்தொழில் தகைமைக்கு 10. விண்ணப்பிக்கக் குறைந்தது 65 புள்ளியும் 45க்குக் குறைந்த வயதும் வேண்டும். வேறுபாடு என்னவென்றால், அங்கே மதிப்பீட்டை உங்கள் தொழிலுக்குரிய சபை செய்கிறது. பொறியியலாளருக்கு ஒரு சபை, கணினித் துறைக்கு ஒன்று, கைத்தொழிலுக்கு ஒன்று. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதனால் அங்கீகாரம் பெற்ற பொறியியற் பட்டதாரிகளுக்கு மதிப்பீடு இலகுவாகியுள்ளது. ஆனால் நீங்கள் பட்டம் பெற்ற வருடமும் கற்கைநெறியும் அந்த அங்கீகாரத்துக்குள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

8. ஆவணங்களைச் சேர்த்தல்

கணக்கு சரியாக இருந்தும் கடதாசி இல்லாமல் நின்றுபோன விண்ணப்பங்கள் ஏராளம். பின்வருவனவற்றை முன்கூட்டியே தேடி வையுங்கள்.

சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள்: தொலைந்திருந்தால் பத்தரமுல்லை, பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் பெறலாம். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பரீட்சை வருடமும் சுட்டெண்ணும் தேவை. சுட்டெண் நினைவில் இல்லையென்றால் படித்த பாடசாலையில் விசாரியுங்கள். ஆங்கிலத்தில் தரும்படி கேட்டால் மொழிபெயர்ப்புச் செலவு மிஞ்சும்.

பாடசாலை விடுகைப் பத்திரம்: எந்தத் தரம் வரை படித்தீர்கள் என்பதற்கு இதுவே சான்று. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்களில் பலரிடம் இது இல்லை. பாடசாலையின் சேர்வு இடாப்பு அழிந்திருந்தால் வலயக் கல்விப் பணிமனையில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லை என்று வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பொதுப் பரீட்சைச் சான்றிதழ் இருந்தால் பாடசாலைப் பதிவின் குறையை அது பெரும்பாலும் ஈடு செய்யும்.

பட்டமும் பெறுபேற்று அறிக்கையும்: பெரும்பாலான மதிப்பீட்டு நிறுவனங்கள் இவற்றை உங்கள் கையிலிருந்து வாங்குவதில்லை. பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும், அல்லது முத்திரையிட்டு ஒட்டிய உறையில் தர வேண்டும். அந்த உறையைத் திறந்து பார்த்துவிட்டால் அது பயன்படாது.

பெயர்: எமது மக்களுக்கு அதிகம் சிக்கல் தருவது இதுதான். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக. மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். திருத்தக்கூடியதைப் பிரதேச செயலகத்தின் ஊடாகத் திருத்துங்கள். கடுகண்ணாவையில் இருப்பவர்களுக்கு அது யட்டிநுவர பிரதேச செயலகம். திருத்த முடியாத வேறுபாட்டுக்கு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

மொழிபெயர்ப்பும் உறுதிப்படுத்தலும்: தமிழிலும் சிங்களத்திலும் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். வெளிநாட்டு அமைச்சின் உறுதிப்படுத்தல் தேவைப்பட்டால் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. கண்டியிலும் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் உண்டு. எல்லா நிறுவனமும் இதைக் கேட்பதில்லை. கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் செலவழியுங்கள்.

9. இரண்டு எச்சரிக்கைகள்

குறைகிற வருடத்துக்கு ஒரு டிப்ளோமா "எடுத்துத் தருகிறோம்" என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். மதிப்பீட்டு நிறுவனம் வழங்கிய இடத்துக்கே எழுதிக் கேட்கும். பொய்யான தகவல் கொடுத்தது தெரிந்தால் கனடா ஐந்து வருடத்துக்கு நுழைவைத் தடை செய்யும். குடும்பத்தில் ஒருவர் போட்ட பொய்க் கடதாசியால் கூட விண்ணப்பித்த எல்லோருடைய வழியும் அடைபடும். கனடிய விண்ணப்பத்துக்குப் பணம் பெற்று ஆலோசனை வழங்கும் உரிமை அந்நாட்டுச் சட்டத்தரணிகள், கியூபெக் நொத்தாரிசுகள், குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவானவர்கள் போன்ற அனுமதி பெற்றவர்களுக்கே உண்டு. பதிவிலக்கத்தைக் கேளுங்கள். படிவங்கள் எல்லாம் இலவசம்.

மற்றது, குடிவரவு மதிப்பீடு தொழில் உரிமம் அல்ல. மூன்று வருடத் தாதியர் டிப்ளோமாவுக்கோ ஆசிரியர் டிப்ளோமாவுக்கோ நல்ல புள்ளி கிடைத்தாலும், அங்கே போய்த் தாதியாகவோ ஆசிரியராகவோ வேலை செய்ய மாகாண ஒழுங்குபடுத்தும் சபையின் அனுமதி தனியாக வேண்டும். அதற்கு எவ்வளவு காலமும் பணமும் செல்லும் என்பதைப் புறப்படும் முன்னரே விசாரித்து, குடும்பச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. பயிற்சி: உங்கள் கணக்கு

ஒரு தாளை எடுத்து ஐந்து நிரல்கள் கீறுங்கள். முதலாவதில் சான்றிதழின் பெயர். இரண்டாவதில் வழங்கிய நிறுவனம். மூன்றாவதில் சேர்ந்த, முடித்த மாதமும் வருடமும். நான்காவதில் விதிக்கப்பட்ட காலம் அல்லது திறமைப் புள்ளி. ஐந்தாவதில் மூலப்பிரதி கையில் உண்டா, இல்லையா. சாதாரண தரத்திலிருந்து தொடங்கி, சிறிது என்று நினைக்கும் எதையும் விடாமல் எழுதுங்கள். கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

பிறகு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்:

மூன்றாவது நிரலில் ஒரே காலம் இருமுறை வருகிறதா?
நான்காவது நிரலில் ஒரு வருடத்துக்குக் குறைந்தது எது?
உயர்ந்த சான்றிதழுக்குக் கீழே, முழு வருடம் கொண்ட இன்னொன்று இருக்கிறதா?
ஐந்தாவது நிரலில் "இல்லை" என்று எழுதியவற்றை எந்த அலுவலகத்தில் பெறலாம்?
எல்லாச் சான்றிதழிலும் பெயர் ஒன்றா?

புள்ளிகளும் விதிகளும் காலத்துக்குக் காலம் மாறும். விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். யாரிடம் ஆலோசனைக்குப் போனாலும், பணம் கொடுப்பதற்கு முன் இந்தத் தாளை நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் படிப்பு எவ்வளவு என்பதை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அப்போது இராது.